கர்ப்ப காலத்தில் பல்லும் ஈறும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காக ஏற்பட்ட பிரசங்கம்)



சங்கக் கூட்டமென்றால் கடன், தவணை, வட்டி, பங்குத்தொகை இவற்றைப் பற்றியே பேசப்படுமென்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இன்றைய விஷயம் சற்று விநோதமாகத் தோன்றலாம். கர்ப்பிணிகளின் பல்லுக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தமென்று பின்வரிசையிலிருப்பவர்கள் கேட்கவுங் கூடும். பிரசவச் செலவுக்கென்று கைமாற்று வாங்காத குடும்பம் கிராமங்களிலே அரிது. அச்செலவிலே ஒரு பகுதி, முன்னதாகக் கவனித்திருந்தால் நேர்ந்திராத செலவேயாகும். நாணயமாகத் தவணை கட்டிவந்த அங்கத்தினர் ஒருவர் திடீரென்று பாக்கிதாரராவதற்கு வீட்டிலுள்ள வியாதியே பெரும்பாலும் காரணம். ஆகையால் இது சங்கத்தின் விஷயந்தான். மேலும், ஆடவர்கள் நிறைந்த இக்கூட்டத்தில் இதைப் பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கர்ப்பிணி எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், எப்பொழுது போகலாம் என்பதைப் பல வீடுகளில் அவள் தீர்மானிப்பதில்லை. கணவனும் மாமியாருமே தீர்மானிக்கிறார்கள்.

கோடியக்கரை 1991-ஆம் வருஷம் வரையில் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, இப்பொழுது நாகப்பட்டினம் ஜில்லா வேதாரண்யம் தாலுகாவில் இருக்கிறது. காவேரிப் பாசனத்து நெல்வயல்கள் வடக்கிலும் மேற்கிலும் நின்றுவிட, இந்த முனையில் மணலும், உப்பளமும், காடும், கடலுமே ஜனங்களுக்கு ஜீவனம். மீன்பிடிப் பருவத்தில் வேற்றூர் மீனவர்கள் வந்து குடிசை கட்டித் தங்குவதும் இங்கே வழக்கம். வேதாரண்யத்து ஆஸ்பத்திரிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகவேண்டும். அது தூரமில்லைதான், ஆனால் ஒரு நாள் கூலி போகிறதே என்று நினைக்கிற வீட்டுக்கு அது நெடுந்தூரம். பல்வலிக்காக அந்தத் தூரம் போகிறவர்கள் மிகவும் சிலர்.

ஒரு குடும்பத்தை மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கணவன் கடலுக்குப் போகிறவன். மனைவி மீன் உலர்த்தும் வேலைக்குப் போகிறவள். அவளுக்கு ஐந்தாம் மாதம். காலையில் பல் விளக்கும்பொழுது எச்சிலோடு இரத்தம் வருகிறது. பயந்துபோய் விளக்குவதையே நிறுத்திவிட்டு, விரலால் தொட்டும் தொடாமலும் வாய் கொப்பளிக்கிறாள். மாமியாரிடம் சொன்னால், "பிள்ளைக்கொரு பல் போகத்தான் செய்யும், எனக்கும் போயிற்று" என்கிறாள். மாமியார் பொய் சொல்லவில்லை. அவளுக்குப் பிள்ளைகள் நான்கு, போன பல் ஐந்து. ஏழாம் மாதத்தில் மருமகளுக்குக் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்குகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்று கணவன் வண்டி பேசப் போகிறான். "வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் பல்லில் கைவைத்தால் கரு தங்குமா?" என்று அண்டை வீட்டார் தடுத்துவிடுகிறார்கள். கிராம்பு வைக்கப்படுகிறது, புகையிலைத் துணுக்கை அடக்கிக்கொள்ளச் சொல்லுகிறார்கள், கடையில் பெயர் தெரியாத மாத்திரை வாங்கப்படுகிறது. ஒன்பதாம் மாதத்தில் கன்னம் வீங்கி, வாய் திறவாமல், சோறு இறங்காமல், தூக்கமில்லாமல் அவள் பிரசவத்துக்குப் போகிறாள்.

இதிலே கெட்டவர் எவருமில்லை. எல்லாரும் அவளுக்கு நன்மையே நாடினார்கள். ஆயினும் ஈற்றிலே இரத்தம் வருவது இயற்கை, பல் போவது பிள்ளைப்பேற்றின் விலை, பல் வைத்தியம் கருவுக்கு ஆபத்து என்ற மூன்று எண்ணங்கள் சேர்ந்து அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தன. முதலாவது எண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்ற இரண்டும் முற்றிலும் தவறானவை.

கர்ப்பம் தரித்தவுடன் உடலில் சில ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. கருவைத் தாங்குவதற்கு அவை அவசியமானவை. ஆனால் அவற்றால் ஈற்றிலே இரத்த ஓட்டம் மிகுந்து, ஈறு மிருதுவாகிச் சிறிய தொந்தரவையும் பொறுக்கமாட்டாததாகிவிடுகிறது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் எப்பொழுதும் ஒரு வழவழப்பான படலம் படிகிறது. நகத்தால் சுரண்டினால் வெண்மையாக வருமே, அதுதான். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் அதில் குடியிருக்கின்றன. சாதாரணக் காலத்தில் ஈறு சகித்துக்கொள்ளும் அதே அழுக்கு, கர்ப்ப காலத்தில் ஈற்றைச் சிவக்கவும் வீங்கவும் இரத்தம் கசியவும் செய்கிறது. பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில் ஆரம்பித்து, எட்டாம் மாதம் வரையில் மிகுந்து, பிரசவத்துக்குப் பின் தணியும். அமெரிக்க சர்க்காரின் நோய்த் தடுப்பு நிலையத்தார் கர்ப்பிணிகளில் 100-க்கு 60 முதல் 75 பேர் வரையில் இந்த ஈற்றழற்சி உடையவர்களென்று கணக்குச் சொல்லுகிறார்கள்.

இவ்வளவு பேருக்கு வருகிறதே, ஆகையால் இயற்கைதானே என்று கேட்கலாம். ஹார்மோன் சுரப்பது இயற்கை. படலம் படிந்து கிடப்பது இயற்கையன்று. இரண்டும் சேர்ந்தால்தான் நோய். ஹார்மோனை எவரும் நிறுத்தமுடியாது, நிறுத்தவுங் கூடாது. படலத்தைத் துடைத்தெடுக்கலாம். இரத்தம் வருகிறதென்று பல் விளக்குவதை நிறுத்துவது வெள்ளம் வரும்பொழுது வடிகாலை அடைப்பதற்கொப்பாகும். இரத்தம் கசியும் இடத்தைத்தான் மிருதுவான பிரஷால் அதிகக் கவனமாகச் சுத்தம் செய்யவேண்டும். விடாமல் ஒரு வாரம் இரண்டு வாரம் செய்துவந்தால் கசிவு குறைவதைப் பெரும்பாலோர் தாங்களே காண்பார்கள். குறையாவிட்டால் ஈற்றின் உள்ளே சுண்ணாம்புபோல இறுகிப்போன காரை இருக்கிறதென்று அர்த்தம். அது பிரஷுக்கு வராது. பல் வைத்தியரின் கருவிக்கே வரும்.

சிலருக்குப் பற்களின் இடுக்கில் சிவந்த ஒரு சிறு கட்டி தோன்றுவதுண்டு. தொட்டால் இரத்தம் வடியும். பார்க்கவும் பயமாக இருக்கும். இது புற்றுநோயன்று. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானே சுருங்கிவிடும். வைத்தியரிடம் ஒரு முறை காட்டி, அதுதானென்று தெரிந்துகொள்வது நல்லது. அதை அறுத்தெறிய வீட்டில் எவரும் முயலக்கூடாது.

இனி, பிள்ளைக்கொரு பல் என்னும் எண்ணம். இது கோடியக்கரைக்கோ தமிழ் நாட்டுக்கோ மாத்திரம் உரியதன்று. ஐரோப்பாவிலும் கிழவிகள் தலைமுறை தலைமுறையாக இதையே சொல்லிவந்திருக்கிறார்கள். வயிற்றிலிருக்கும் சிசு எலும்பு வளர்ப்பதற்காகத் தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை இழுத்துக்கொள்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். சங்கத்தின் கணக்கு அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. எலும்பு சேமிப்புக் கணக்கைப் போன்றது. அதிலே சுண்ணாம்புச் சத்து போடப்படுவதும் எடுக்கப்படுவதும் நாள்தோறும் நடக்கின்றன. பல், வீடு கட்டிவிட்ட பணத்தைப் போன்றது. ஒரு முறை கட்டி முடிந்தபின் அதிலிருந்து உடல் எதையும் திரும்ப எடுப்பதில்லை. தாயின் ஆகாரத்திலே சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் எலும்பு இளைக்கும், பல் இளைக்காது.

அப்படியானால் மாமியாரின் ஐந்து பற்கள் எங்கே போயின? மசக்கையில் வாந்தி, புளிப்பிலும் இனிப்பிலும் ஆசை, சோர்வினால் இரவில் வாய் கழுவாமல் படுத்துவிடுவது, வீங்கிய ஈற்றைத் தொடப் பயந்தது, வலி வந்தபொழுது எவரும் அழைத்துப்போகாதது, பிள்ளை பிறந்தபின் தன்னைக் கவனிக்க நேரமில்லாதது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இவை திரும்பத் திரும்ப நடந்தன. பற்கள் சொத்தையாலும் பயோரியாவாலும் போயின. பழி பிள்ளையின்மேல் விழுந்தது. அக்காலத்தில் அவளை அழைத்துப்போகப் பல் வைத்தியரும் இல்லை. இந்தியாவில் முதல் பல் வைத்தியக் கலாசாலையை டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் ஏற்படுத்தியது 1920-ஆம் வருஷத்தில். சென்னை வைத்தியக் கல்லூரியில் பல் வைத்தியப் பிரிவு உண்டானது 1953-ல். இப்பொழுது பக்கத்து ஜில்லாக்களிலேயே சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் பல் வைத்தியக் கல்லூரிகள் இருக்கின்றன; புதுக்கோட்டைக் கல்லூரி 2023-ல் திறக்கப்பட்டது. வைத்தியர் இல்லாத காலத்தில், சகித்துக்கொள் என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வார்த்தை மாத்திரம் இன்னும் மிஞ்சியிருக்கிறது.

வாந்தியைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வயிற்றிலிருந்து வருவது கடுமையான புளிப்பு நீர். அது பட்டவுடன் பல்லின் மேற்பூச்சு சிறிது நேரம் இளகி நிற்கிறது. வாய் நாறுகிறதென்று உடனே பிரஷை எடுத்துத் தேய்த்தால், இளகிய பூச்சும் கூடவே தேய்ந்துபோகும். ஆகையால் வாந்தியெடுத்தவுடன் பல் விளக்கலாகாது. ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடாவைக் கரைத்துக் கொப்பளித்துத் துப்பவேண்டும். அது புளிப்பை முறித்துவிடும். சோடா இல்லையென்றால் வெறுந் தண்ணீரே போதும். பிறகு அரைமணி நேரமாவது சென்றபின் விளக்கலாம். பிரஷ் உள்ளே போனாலே குமட்டுகிறவர்கள் சிறுபிள்ளைகளுடைய சிறிய பிரஷை உபயோகிக்கலாம். பற்பசையின் வாசனை ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வாசனையுள்ளதை வாங்கலாம். அதுவும் ஆகாத நாட்களில் தண்ணீரைத் தொட்டு விளக்கினாலும் விளக்கினதுதான். மாங்காயும் புளியும் தின்ன ஆசைப்படும் பெண்ணைத் தடுக்க வேண்டியதில்லை. தின்றபின் வாய் கொப்பளிக்கச் சொன்னால் போதும்.

பல் விளக்கும் பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தஞ்சை நாட்டில் நெல் விளைவதால் உமிக்கரி எல்லா வீட்டிலும் கிடைத்தது. உப்பும் சேர்த்துப் பொடித்துத் தேய்ப்பார்கள். சாம்பல், செங்கற்பொடி, மணல் இவற்றால் தேய்க்கிறவர்களும் உண்டு. இவையெல்லாம் பல்லை வெளுப்பாக்குவதுபோலத் தோன்றும். உண்மையில் மேற்பூச்சை அராவிவிடும். கர்ப்ப காலத்தில் வீங்கி நிற்கும் ஈற்றை இவை கிழித்துவிடும். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று பழமொழி சொல்வது வீணன்று. நுனியை நன்றாக மென்று நாராக்கி, ஈற்றைக் குத்தாமல் உபயோகித்தால் குச்சி படலத்தை நீக்கவே செய்யும். கோடியக்கரைக் காட்டிலேயே இயற்கையாக வளரும் உகாய் மரந்தான் அரபு நாட்டார் மிஸ்வாக் என்று பெயரிட்டுப் பல நூற்றாண்டுகளாகப் பல் துலக்கிவரும் குச்சிக்கு உரிய மரம். தங்கள் வாசலில் நிற்பதன் பெருமை இவ்வூரார் பலருக்குத் தெரியாது. ஆனால் அக்காடு 1967-ஆம் வருஷம் முதல் வன விலங்குச் சரணாலயம். அங்கே கிளையொடிப்பது குற்றமாகும். பல்லுக்காகப் போய் அபராதம் கட்ட வேண்டாம்.

எல்லாவற்றிலும் சுலபமானது மிருதுவான நாருள்ள பிரஷும், ஃபுளோரைடு கலந்த பற்பசையுமே. பட்டாணியளவு பசை போதும். விளம்பரப் படத்திலிருப்பதுபோல் நீளமாக வைப்பது கடைக்காரருக்கே லாபம். காலையில் ஒரு முறை, இரவு சாப்பாட்டுக்குப்பின் படுக்கப் போகுமுன் ஒரு முறை. இரண்டில் எதையாவது விடவேண்டி வந்தால் இரவை விடக்கூடாது. தூக்கத்தில் எச்சில் குறைந்து, கிருமிகளுக்கு நல்ல சமயம் கிடைக்கிறது. பிரஷை ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சாய்த்துவைத்துச் சிறிது சிறிதாக அசைக்கவேண்டும், மரமறுப்பதுபோல இழுக்கலாகாது. நார் விரிந்துபோனாலும், மூன்று மாதமானாலும் பிரஷை மாற்றவேண்டும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே பிரஷ் என்னும் சிக்கனம் வேண்டாம்.

உப்புக்கு இங்கே குறைவில்லை. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஸ்ரீ ராஜகோபாலாசாரியார் தொண்டர்களுடன் திருச்சினாப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துவந்து எடுத்த உப்பு இந்தக் கடற்கரை உப்புத்தானே. வெதுவெதுப்பான நீரில் அதைக் கரைத்துக் கொப்பளித்தால் வீங்கிய ஈற்றுக்கு இதமாக இருக்கும். விழுங்கக்கூடாது, இரத்த அழுத்தம் உள்ள கர்ப்பிணிகள் இதில் ஜாக்கிரதையாயிருக்கவேண்டும். கல்லுப்பை அப்படியே எடுத்து ஈற்றில் தேய்ப்பதால் புண்ணாகும்.

புகையிலையைப் பற்றிப் பேசும்பொழுது வேதாரண்யப் பக்கத்தில் சிலர் முகம் சுளிக்கலாம். இப்பகுதியில் அது பணப்பயிர். பயிரிடுவோரைக் குறை சொல்வது இங்கே நோக்கமன்று. கர்ப்பிணியின் வாயில் அது போகக்கூடாது என்பதே விஷயம். பம்பாயில் 1217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து வந்த பி. ஸி. குப்தாவும் ஸ்ரீவித்யாவும் 2004-ஆம் வருஷம் பிரசுரித்த ஆராய்ச்சியில், மெல்லும் புகையிலை முதலியவற்றை உபயோகித்த தாய்மார்களுடைய குழந்தைகள் மற்றவர்களுடைய குழந்தைகளைவிடச் சராசரி 105 கிராம் எடை குறைவாகப் பிறந்தன என்று கண்டார்கள். குறைமாதப் பிரசவமும் அவர்களிடையே அதிகமாக இருந்தது. புகையிலை இல்லாமல் வெறும் வெற்றிலை பாக்குப் போட்டால் தோஷமில்லையே என்பவர்களுக்கும் பதில் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004-ல் வெளியிட்ட நூலில் முடிவு கூறியிருக்கிறது. பற்பொடியிலே புகையிலை கலப்பதை இந்திய சர்க்கார் 1992-ல் தடை செய்தார்கள். ஆயினும் புகையிலையைச் சுட்டுப் பொடித்துப் பல்லில் தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் வலி மரத்துப்போவது உண்மையே. வலி மரத்த பல் குணமான பல்லன்று. வளைகாப்பில் தாம்பூலம் கொடுப்பது மங்கலம். அதைக் கர்ப்பிணி கையில் வாங்கிக்கொள்ளட்டும், வாயில் போடவேண்டாம்.

இப்பொழுது எல்லாவற்றிலும் முக்கியமான மூன்றாவது எண்ணத்துக்கு வரலாம். கர்ப்ப காலத்தில் பல் வைத்தியம் செய்துகொள்ளலாமா? செய்துகொள்ளலாம். காரை எடுப்பது, சொத்தையை அடைப்பது, அவசியமானால் பல்லைப் பிடுங்குவது ஆகிய யாவும் கர்ப்பிணிகளுக்குச் செய்யக்கூடியவையே. பல்லின் பக்கத்தில் மாத்திரம் மரத்துப்போகும்படி போடும் ஊசியால் சிசுவுக்குக் கெடுதியில்லை. அவசியமாயின், உடலுக்கு மறைப்பிட்டு ஒரு எக்ஸ்ரே படம் எடுப்பதற்கும் பயப்பட வேண்டியதில்லை. அமெரிக்கப் பிரசவ வைத்தியர்களின் சங்கம் 2013-ல் இதையே உறுதியாகச் சொல்லி, ஒத்திப்போட வேண்டாமென்றும் சொல்லியிருக்கிறது. வலியும் சீழும் எந்த மாதத்தில் வந்தாலும் அந்த மாதத்திலேயே வைத்தியம் செய்யவேண்டும். அவசரமில்லாத வேலைக்கு நான்கு, ஐந்து, ஆறாம் மாதங்கள் சௌகரியமானவை. முதல் மூன்று மாதங்களில் குமட்டல் இருக்கும். கடைசி மாதங்களில் நெடுநேரம் மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலை சுற்றும். அப்பொழுது வலது இடுப்பின் கீழ் ஒரு தலையணை வைத்து இடப்புறம் சற்று சாய்ந்திருக்கவேண்டும். வைத்தியரிடம் போனவுடன் எத்தனை மாதமென்று முதலில் சொல்லவேண்டும். வெட்கத்தால் மறைக்கிற பெண்கள் உண்டு.

நான்கு முதல் ஆறு மாதம் என்பதற்கு இந்நாட்டில் வேறொரு பொருத்தமும் இருக்கிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு. அதன்பின் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போய்விடுவார்கள். அங்கே போனபின் இந்த வேலை எவருக்கும் உரியதல்லாமல் போய்விடும். ஆகையால் வளைகாப்புக்கு நாள் பார்க்கும்பொழுதே, அதற்கு முன்னதாகப் பல் வைத்தியருக்கும் ஒரு நாள் பார்த்துக்கொள்வது நலம். மீனவர்களுக்கு மற்றொரு வசதி உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த நாட்களில் கணவன் கரையில் இருக்கிறான். கூலி போகிறதென்ற பேச்சுக்கே இடமில்லை.

மாத்திரை விஷயத்தில் மாத்திரம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். டெட்ராசைக்ளின் என்னும் மருந்தைக் கர்ப்ப காலத்தின் பிற்பாதியில் உட்கொண்டால் சிசுவின் பற்கள் நிரந்தரமாக மஞ்சளித்துப்போகும். பால்பற்களின் முளை கருத்தரித்த ஆறாவது வார அளவிலேயே தோன்றி, நான்காம் மாதம் முதல் அவை கெட்டிப்படத் தொடங்குவதே இதற்குக் காரணம். வலிக்கென்று கடைகளில் கொடுக்கப்படும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை 20 வாரத்துக்குப் பிறகு சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடுமென்று அமெரிக்க மருந்து அதிகாரிகள் 2020-ல் எச்சரித்தார்கள். பாராசிட்டமால் இவற்றிலும் பத்திரமானது. அதையும் செவிலியரையோ வைத்தியரையோ கேட்டே சாப்பிடவேண்டும். கன்னம் வீங்கிச் சுரம் வந்தாலும், வாய் திறக்க முடியாவிட்டாலும், விழுங்கக் கஷ்டமானாலும் மறுநாள் என்று காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வண்டியில்லையென்றால் 108-ஐக் கூப்பிடலாம். பல்லிலிருந்து கழுத்துக்கு இறங்கும் சீழ் தாயின் உயிருக்கே ஆபத்தானது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஈற்றுநோயைக் குணப்படுத்தினால் குறைமாதப் பிரசவம் நேராது என்று சிலர் வாக்களிக்கிறார்கள். அமெரிக்காவில் வட கரோலினா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆஃபன்பேக்கர் என்பவரும் கூட்டாளிகளும் 1996-ஆம் வருஷம், முற்றிய ஈற்றுநோயுள்ள தாய்மார்களிடையே குறைமாதமாகவும் எடை குறைவாகவும் பிறப்பது அதிகமென்று கண்டு எழுதினார்கள். உலகமெங்கும் அது பரபரப்பை உண்டாக்கிற்று. பிறகு 823 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியாருக்குக் கர்ப்ப காலத்திலேயே ஈற்று வைத்தியமும் மறு பாதியாருக்குப் பிரசவத்துக்குப் பின் வைத்தியமும் செய்து பார்த்தார்கள். 2006-ல் முடிவு வெளிவந்தது. முதல் பிரிவில் 100-க்கு 12.0 பேருக்கும், இரண்டாவதில் 12.8 பேருக்கும் குறைமாதப் பிரசவமாயிற்று. அதாவது சொல்லத்தக்க வித்தியாசமில்லை. ஆனால் வைத்தியம் செய்துகொண்டவர்களின் ஈறு நன்றாயிற்று. தாய்க்கும் சேய்க்கும் அதனால் தீங்கு எதுவும் காணப்படவில்லை. பல் வைத்தியத்தால் கரு கலையுமென்று அஞ்சுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது பாகமே முக்கியமான சேதி. வலியில்லாமல் சோறு தின்று தூங்கும் தாய் வேண்டுமென்பதே வைத்தியத்துக்குப் போதுமான காரணம். அதற்குமேல் அதிசயங்களை வாக்களிக்க வேண்டியதில்லை.

ஆகாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெத்திலி முதலிய சிறு மீன்களை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கிறது. மோர், கேழ்வரகு, முருங்கைக்கீரை ஆகியவற்றிலும் உண்டு. சர்க்கார் சுகாதார நிலையங்களில் நான்காம் மாதம் முதல் கால்சியம் மாத்திரை நாளொன்றுக்கு இரண்டு கொடுக்கிறார்கள். அதையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும், இடைவெளி விடவேண்டும். மீன் உலர்த்துமிடத்தில் மணிக்கொரு முறை சர்க்கரை போட்ட தேநீரும் பிஸ்கோத்தும் சாப்பிடும் வழக்கந்தான் பல்லுக்குச் சத்துரு. எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை முறை என்பதும் முக்கியம்.

தாயின் வாயைக் கவனிப்பது பிறக்கும் பிள்ளைக்கும் லாபம். சொத்தையை உண்டாக்கும் கிருமி பிறந்த குழந்தையின் வாயில் இருப்பதில்லை. பெரும்பாலும் தாயின் எச்சிலிலிருந்தே பிற்பாடு வந்து சேருகிறது. சோற்றை மென்று ஊட்டுவது, கரண்டியைத் தன் வாயிலிட்டுச் சூடு பார்த்துப் பிள்ளைக்குக் கொடுப்பது ஆகிய அன்பான செய்கைகளே அதற்கு வழி. தாயின் சொத்தைகள் முன்னதாக அடைக்கப்பட்டிருந்தால் அந்தக் கிருமிகளும் குறைவாக இருக்கும். பால் குடித்தபின் பிள்ளையின் ஈற்றை ஈரத் துணியால் துடைத்துவிடுவதும், முதல் பல் தெரிந்தவுடன் சிறு பிரஷால் விளக்கத் தொடங்குவதும் தாய்வீட்டுப் பாட்டிமார்களுக்குச் சொல்லப்படவேண்டியவை.

சங்கம் இதிலே என்ன செய்யலாம்? பெருஞ் செலவான காரியம் ஒன்றுமில்லை. சங்கத்தின் கடையில் மிருதுவான பிரஷும் ஃபுளோரைடு பசையும் வாங்கிவைத்து அடக்க விலைக்கு விற்கலாம். பொதுநன்மைக்கென்று ஒதுக்கும் சிறு தொகையிலிருந்து, அங்கத்தினர் வீடுகளில் கர்ப்பிணியாக இருப்பவர்களுக்கு ஒரு முறை வேதாரண்யம் போய்வர வண்டிச்சத்தம் கொடுக்கலாம். அது ஒரு பல்லை இழந்தபின் ஆகும் செலவில் ஒரு பங்குகூட வராது. பருவத்துக்கு வந்து தங்கும் வேற்றூர்க் குடும்பங்களையும் விட்டுவிடலாகாது. அவர்கள் தங்கள் கர்ப்பப் பதிவுச் சீட்டைக் கையோடு கொண்டுவந்தால் செவிலியருக்குச் சௌகரியம். 2016-ஆம் வருஷம் முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி, நான்காம் மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் பரிசோதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. எடை, இரத்தம், அழுத்தம் யாவும் பார்ப்பார்கள். வாயைத் திறந்து காட்டினால் அதையும் பார்த்து, பல் வைத்தியரிடம் அனுப்புவார்கள். கேளாமல் பெரும்பாலும் பார்ப்பதில்லை, கேட்கவேண்டும். சங்கக் கட்டடத்தின் வாசலில், தவணைத் தேதி எழுதும் கரும்பலகையிலேயே 9-ஆம் தேதியையும் எழுதிவைத்து, அன்று போகிறவர்கள் யார் யாரென்று முந்தின நாள் மாலையில் விசாரித்துக்கொண்டால், ஒரே வண்டியில் ஐந்தாறு பேர் போய்வரலாம்.